கேப்புத் துவக்கைக் கல்லுத் துவக்காக்கித் தருகிறேன் என்பவரிடம் கவனம்

வீட்டில் பழைய இடியன் துவக்கு அனுமதிப் பத்திரத்தோடு இருக்கிறவர்கள், முக்கியமாக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் செய்கிறவர்கள், இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு நாற்பதாயிரம் ரூபா போனது. துவக்கும் இப்போது என் கையில் இல்லை.

அது அம்மப்பாவின் துவக்கு. குழல் வாயால் வெடிமருந்து போட்டு, இடிகோலால் இடித்து, பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முனையில் கேப்பு, அதாவது அடித்தால் வெடிக்கிற சின்ன உலோக மூடி, மாட்டிச் சுடுகிற சாதி. பன்றிக் காவலுக்கும் யானையை வெருட்டவும் எடுத்த பத்திரம். அம்மப்பாவுக்குப் பிறகு மாமாவின் பேரில் இருந்தது, இப்போது என் பேரில். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறோம். சிக்கல் கேப்பில் தொடங்கியது. அம்மப்பா பிஸ்கட் டின்னில் வைத்திருந்தவை ஈரம் குடித்துப்போய், பத்தில் ஒன்றுதான் வெடித்தது. கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அப்போதுதான், கேப்பு இல்லாமல் கல்லை எஃகில் உரசிய பொறியால் சுடுகிற கல்லுத் துவக்காக மாற்றித் தருகிறேன் என்கிற இந்த மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெயரும் ஊரும் போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கம்மாலைக்குப் போனபோது சுவரில் இரண்டு மூன்று பழைய வாள், ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. ஆள் பேச்சில் கெட்டிக்காரர். “கேப்புக்கு எங்க போவீங்க தம்பி? கல்லுத் துவக்காக்கினா வரம்பில கிடக்கிற கல்லே காணும். மறுகா இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் மாதிரி வந்திரும். வெளிநாட்டுக்காரன் கண்டா விடமாட்டான்.” நாற்பத்தையாயிரம் கேட்டார். முப்பது முன்பணம் கொடுத்தேன்.

ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பேச்சில் இரண்டு பொய் இருந்தது. எனக்கு அன்று தெரியவில்லை.

முதலாவது, கல். கல்லுத் துவக்கில் பொறி கல்லிலிருந்து வருவதில்லை, எஃகிலிருந்து வருகிறது. விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கிற குதிரை என்ற பாகத்தின் வாயில் கடித்திருக்கும் கல், எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசிக்கொண்டு இறங்கும்போது எஃகை மிகப் பொடியாகச் சீவுகிறது. அந்தச் சீவல்தான் காற்றில் எரிந்துகொண்டு மருந்துக் கிண்ணத்தில் விழுகிறது. ஆகவே கல்லுக்குக் கத்தி மாதிரி விளிம்பு வேண்டும், தகடு கரி கூடிய எஃகாக இருந்து சூடேற்றி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல்லை உடைத்தால் அந்த விளிம்பு வரும். நம் பக்கம் கிடக்கிற வெள்ளைக்கல் நான்கு அடியில் நொறுங்கிப்போகும். அவர் போட்டுத் தந்தது வெள்ளைக்கல். தகடோ வெறும் கட்டிட இரும்பு. அரத்தால் ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள்: இறுகிய எஃகென்றால் அரம் வழுக்கும். என்னுடையதில் வெண்ணெயில் இறங்கியதுபோல இறங்கியது. இந்தச் சோதனையைக் காசு கொடுக்கும் முன் செய்யவில்லை, செய்தது எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டாவது, பழமை. உலகம் போனது கல்லிலிருந்து கேப்புக்கு. கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிகிற ஒளியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்று சலித்துப்போன ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சித், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807இல் காப்புரிமை எடுத்தார். கேப்பு அதற்குப் பிறகு வந்தது. 1834இல் ஆங்கிலேயர் வூல்விச்சில் இரண்டு வகையையும் ஆறாயிரம் தடவை சுட்டுப் பார்த்தார்கள். கல்லுத் துவக்கு 922 தடவை பற்றவில்லை, கேப்புத் துவக்கு 36 தடவை மட்டும். அதன் பிறகு பட்டாளங்கள் தங்களிடம் இருந்த கல்லுத் துவக்குகளைக் கேப்புக்கு மாற்றின. அதைத் திருப்பி மாற்றினால் துவக்குக்கு வயது கூடிவிடாது. பழைய சாமான் தெரிந்தவன் குழலின் பக்கத்தில் கேப்பு முனை இருந்த ஓட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவான். அத்தோடு பன்றி இறங்குவது பெரும்போகத்தில், மார்கழி மழைக்குள். திறந்த கிண்ணத்தில் மருந்தை வைத்துக்கொண்டு நம் ஊர் மழையில் என்ன செய்வது? இதைக்கூட நான் யோசிக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

வேலை மூன்று கிழமை என்றார், மூன்று மாதம் ஆனது. இடையில் “எஃகு வாங்க” என்று இன்னும் பத்தாயிரம். வாங்கி வந்தபோது பார்க்க அழகாக இருந்ததை மறுக்கமாட்டேன். குழல் கண்ணாடி மாதிரி மினுங்கியது. சோங்குக்கு, அதாவது மரக்கட்டைப் பிடிக்கு, வார்னிஷ்.

சித்தப்பாதான் சந்தேகப்பட்டார். அவர் அம்மப்பாவோடு பரணில் படுத்த ஆள். முதல் வேலையாக இடிகோலைக் குழலுக்குள் விட்டு, வெளியே வைத்து அளந்து, உள்ளே பழைய மருந்து எதுவும் இல்லை என்று பார்த்தார். பழைய துவக்கு எதைக் கையில் எடுத்தாலும் இதைச் செய்யாமல் வேறெதுவும் செய்யக்கூடாது என்பார். பிறகு, “கையில பிடிச்சுச் சுடாத மனே. கட்டிப்போட்டுச் சுடு” என்றார்.

வயல் வட்டையில் எங்கள் வாடிக்கு, அதாவது காவல் குடிலுக்கு, பின்னால் பழைய உழவு இயந்திர டயரில் துவக்கைக் கட்டி, விசையில் கயிறு போட்டு, ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் நின்று இழுத்தோம். முதல் மூன்று தடவை பொறியே இல்லை. நான்காவதில் கிண்ணத்தில் மட்டும் புஸ் என்று புகை. ஐந்தாவது தடவை வெடித்தது. குழல் வாயால் வந்ததைவிடப் பக்கத்தால் வந்த நெருப்பு அதிகம். ஏதோ ஒன்று விர்ரென்று போய் வாடித் தூணில் குத்தி நின்றது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு பித்தளை ஆணி. தோளில் வைத்துச் சுட்டிருந்தால் வலது பக்கம் நின்றவர் கண்ணுக்கு நேரே போயிருக்கும். அந்தப் பக்கம் நிற்க இருந்தவன் என் மகன்.

கல்முனையில் லேத் வைத்திருக்கும் மச்சான் ஒருவரிடம் அந்த ஆணியைக் காட்டினேன். அவர் விளக்கியது இது. கேப்பு முனை பூட்டியிருந்த பக்கத்துக் குட்டிக் குழாயைக் கழற்றினால் குழலில் பெரிய ஓட்டை மிஞ்சும். அதற்குச் சரியாகப் புரி வெட்டி, நல்ல எஃகில் கடைந்த அடைப்பை முழு ஆழத்துக்கும் இறுக்கி, அதன் நடுவில் மெல்லிய துளை போட வேண்டும். கிண்ணத்து நெருப்பு உள்ளே போவது அந்தத் துளையால்தான். “இவர் வேற அளவுப் புரி உள்ள போல்ட்டை அராவிச் செருகியிருக்கார் மச்சான். இரண்டு புரிதான் பிடிச்சிருக்கு. மிச்சமெல்லாம் அரல்டைட் பசை.” துளையும் பின்னால் தள்ளிப் போய், குழலின் அடியை மூடும் திருகில் முட்டிக்கொண்டு நின்றதாம். நான்காவது தடவை கிண்ணத்தில் மட்டும் புகைந்ததற்கு அதுவும் காரணம்.

இதோடு முடிந்திருந்தால் காசு போனது, உயிர் தப்பியது என்று இருந்திருப்பேன். பத்திரம் புதுப்பிக்கிற நேரம் வந்தது. பொலிஸில் துவக்கைக் காட்டியபோது உத்தியோகத்தர் பத்திரத்தைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், மறுபடியும் பத்திரத்தைப் பார்த்தார். “இலக்கம் எங்க?”

கண்ணாடி மாதிரி மினுங்க அரைத்தாரே, இலக்கம் அதோடு போய்விட்டது. பூட்டிலும் பழைய அடையாளம் ஒன்றும் இல்லை. பூட்டே வேறு. பத்திரத்தில் உள்ளது கேப்புத் துவக்கு, மேசையில் கிடப்பது இலக்கமில்லாத கல்லுத் துவக்கு. அதைப் பொலிஸ் வைத்துக்கொண்டதில் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திருத்தியவரிடம் துவக்கு வேலை செய்யப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலை தொடங்கும் முன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம், அதுவும் இல்லை. மாமா பழைய பத்திரங்களைப் போட்டு வைத்திருந்த உறையும், போன வருடம் தற்செயலாகக் கைபேசியில் எடுத்த ஒரு படமும்தான் இப்போது எனக்குத் துணை. அந்தப் படத்தில் இலக்கத்தின் கடைசி மூன்று எண்கள் தெரிகின்றன.

பழைய பூட்டையாவது மீட்கலாம் என்று கம்மாலைக்குப் போனேன். “அது துருப்பிடிச்ச சாமான் தம்பி, பழைய இரும்புக்குப் போட்டிட்டன்” என்றார். ஒருநாளும் துருப்பிடித்ததில்லை. அம்மப்பா தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். சுவரில் பார்த்த வாள்களும் அன்று இல்லை.

போன கிழமை அவரே அழைத்தார். மீதி ஐயாயிரம் எப்போது தருவேன் என்று கேட்டார்.