புகையா, சிரமதானமா?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குப் பயமும் கூடவே வரும். உடனே ஊரில் எழும் குரல், "புகை அடியுங்கோ" என்பதுதான். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி அவசரத்துக்குப் புகை தேவை. ஆனால் அது பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பி தப்பிவிடும்.

நான் சனசமூக நிலையம் கூட்டும் சிரமதானத்தின், அதாவது ஊரார் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலையின் பக்கம். முட்டை நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை வளவில் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்க்கவேணும்: சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி. தொட்டியைத் தேய்த்தே கழுவுங்கோ. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கிணற்றில் குடம்பியைத் தின்னும் மீன் விடலாம். வெளிநாடு போனவர்களின் பூட்டிய வளவுகளை மறக்கவேண்டாம்; அவற்றின் திறப்பு பெரும்பாலும் அயலவரிடம்தான் இருக்கும்.