ஜப்பானின் கியோத்தோவைச் சுற்ற: நகரப் பஸ்ஸா, ரயிலும் நடையுமா?

செலவு
பஸ்: நகரின் பெரும்பகுதியில் எங்கே இறங்கினாலும் 230 யென். பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸின் விற்பனையை, நெரிசல் தாங்காமல் 2023இல் நிறுத்திவிட்டார்கள்.
ரயில்: சுரங்க ரயிலுக்கான ஒருநாள் பாஸ் 800 யென்.

வசதி
பஸ்: கோயில் வாசலுக்கு அருகிலேயே இறங்கலாம். பின்கதவில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் அருகே உள்ள பெட்டியில் காசு போட வேண்டும். அங்கே நின்று சில்லறை துழாவினால் பின்னால் வரிசையே நிற்கும்.
ரயில்: சுரங்க ரயிலுக்கு இரண்டே பாதைகள். மீதி, கால்களின் பொறுப்பு.

ஊராருக்குச் சிரமம்
பஸ்: இதுதான் எனக்கு முக்கியம். மருத்துவமனைக்குப் போகிற மூதாட்டிக்கும் பள்ளி மாணவனுக்கும் அதே பஸ்தான். கியோமிசு கோயில் தடத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு ஏறினால், நான்கு பேர் நிற்கும் இடம் போய்விடும். பெட்டியை நிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.
ரயில்: தொந்தரவு குறைவு. நடக்கும்போதுதான் கவனம் தேவை: கியோன் என்ற பழைய பகுதியில் தடைப் பலகை உள்ள தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் அபராதம். கெய்ஷாக்களை (மரபுக் கலைப் பெண்களை) படமெடுக்கத் துரத்துவது அபராதம் இல்லாவிட்டாலும் அநாகரிகம்.

முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் பஸ்ஸிலேயே போகலாம், காலை நெரிசல் தணிந்த பிறகு. மற்றவர்களுக்கு ரயில்தான். ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் இனாரி நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கோயில். கின்காகுஜி எனும் பொற்கோயிலுக்கு மட்டும் கிதாஓஜி வரை சுரங்க ரயில், அங்கிருந்து பஸ்.