லங்காஸ்டர் 1/72 கிட்: தரைப்பணி செட்டுக்காகவே வாங்கலாம்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர்; அதை 72-ல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் இது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பொம்மைக் கடையில் கிடைக்கிறது. இறக்கை மட்டும் நுனிக்கு நுனி 43 செ.மீ., மேஜையில் இடம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

விமானத்தைவிட, கூடவே வரும் பெட்ரோல் பவுசரும் (எரிபொருள் டேங்கர் லாரி) டிராக்டரும் குண்டு வண்டிகளும்தான் மனதை அள்ளுகின்றன. ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) பகல் பொழுதே இந்தத் தரைப்பணிதான்: என்ஜின் நான்கையும் ஓட்டிப் பார்ப்பார்கள், டேங்குகளில் அதிகபட்சம் 2,154 காலன் நிரப்புவார்கள், குண்டுகளை வண்டியில் இழுத்துவந்து வின்ச்சால் ஏற்றுவார்கள். கிட்டிலும் ‘குக்கி’ என்ற 4,000 பவுண்டு பெரிய குண்டும் சுற்றிலும் தீக்குண்டுப் பெட்டிகளுமாக அடுக்கியிருக்கிறார்கள். ரொம்பச் சரி.

குண்டறைக் கதவைத் திறந்தே ஒட்டுங்கள், இல்லையென்றால் இதெல்லாம் கண்ணில் படாது. உடற்பகுதியின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே உள்வேலை முடிந்திருக்க வேண்டும். வால் டரெட்டின் (சுழலும் துப்பாக்கிக் கூண்டின்) நான்கு துப்பாக்கிகளும் ஊசி மாதிரி இருக்கும்; நிப்பரால் (வெட்டும் குறடால்) நறுக்கினால் ஒடிந்துவிடும், புது பிளேடால் மெதுவாக அறுங்கள். வால் சக்கர விமானம் என்பதால், பின்னால் சாயுமோ என்று மூக்கில் எடை வைக்க வேண்டாம்.

டீக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை) ஊறவைக்க போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு காய்ந்து, அடிப்பக்கக் கறுப்பு மேட் பெயின்ட்டில் வெள்ளையாகப் பூத்துவிடும். கேன் தண்ணீரே போதும். சித்திரை வெயிலில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காயும், காலையில் அடியுங்கள்.