பாலம் திறந்தாங்க, என் சீட்டு போச்சு: ராமநாதபுரம் - மதுரை பாசஞ்சர், ரொம்ப நாள் அனுபவம்

வேளச்சேரில இருக்குற மாப்ள ஒருத்தனுக்கு மதுரைக்கு ட்ரான்ஸ்பர் வந்துருக்கு. குடும்பம் ராமநாதபுரத்துலயே இருக்கட்டும், சீசன் டிக்கெட் எடுத்து டெய்லி ட்ரெயின்ல போய்ட்டு வந்துரலாமான்னு கேட்டான். அதோட விட்ருந்தா பரவால்ல, "அதான் பாம்பன் பாலம் திறந்தாச்சே, இனிமே ஜம்முன்னு இருக்கும்ல"ன்னு ஒரு பிட்டு போட்டான் பாருங்க, எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. போன்ல திட்டி முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். வேற யாராச்சும் இந்த ஐடியால இருந்தா அவங்களுக்கும் ஆகும்.

பாலத்தப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, ஆளாளுக்கு ரீல்ஸ் போட்டு தேய்ச்சாச்சு. 1914ல தொறந்த பழைய பாலத்துல நடுவுல தூக்குற பகுதி சரியில்லன்னு 2022 டிசம்பர் 23ஆம் தேதியோட வண்டிய நிறுத்துனாங்க, புதுசு 2025 ஏப்ரல் 6ல ராமநவமி அன்னைக்கு தொறந்துச்சு. நடுவுல ரெண்டேகால் வருஷம் ராமேஸ்வரத்துக்கு ட்ரெயினே கிடையாது. சில வண்டி மண்டபத்தோட திரும்பும், சிலது ராமநாதபுரத்தோட திரும்பும். ஊரே அத பெரிய கஷ்டமா பேசுச்சு. எனக்கு மட்டும் அது பொற்காலம், இதச் சொன்னா அடிக்க வருவாய்ங்க, ஆனா உண்மை அதான்.

ஏன்னு கேளுங்க. காலைல மதுரை போற பாசஞ்சர் எந்த ஊர்ல கெளம்புதோ அந்த ஊர்க்காரனுக்குத்தான் சீட்டு. அம்புட்டுதான் கணக்கு. பாலம் மூடுனதும் நம்ம ஊரு கெளம்புற ஊராட்டம் ஆயிருச்சு. பெட்டி காத்தாடும். வெயில் படாத பக்கமா பாத்து ஜன்னல் ஓரமா உக்காந்தோம்னா சத்திரக்குடி தாண்டுறதுக்குள்ள கண்ணு சொருகிரும், பரமக்குடில டீ சத்தத்துல முழிப்பு வரும், அப்புறம் மறுபடி தூக்கம், சிலைமான்ல எந்திரிச்சு தலைய சீவுனா ஆபீஸ்க்கு ரெடி. நாங்க ஒரு செட்டு, பேங்க்ல வேல பாக்குறவங்க, வாத்தியாரு, ஜவுளிக்கடைக்குப் போற பொண்ணுங்க, ஆஸ்பத்திரில நர்ஸா இருக்குற அக்கா ஒருத்தங்க, எல்லாருக்கும் அவங்கவங்க எடம்னு ஒண்ணு தானா அமைஞ்சு போச்சு. யாரும் துண்டு போட்டு புடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

இப்ப அதே வண்டி ராமேஸ்வரத்துல கெளம்பி பாம்பன், மண்டபம், உச்சிப்புளின்னு எல்லாரையும் அள்ளிக்கிட்டு நம்ம ஸ்டேஷனுக்கு வரும்போது உள்ள உக்கார எடமில்ல, சாதா நாள்ல கூட ஓரமா குந்துற மாதிரிதான் கெடைக்கும், இதுல அமாவாசைக்கு மறுநாள்னா சொல்லவே வேணாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, இந்த மூணுக்கும் மறுநாள் காலை வண்டில நான் ஏறவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். முதல் நாள் தீர்த்தமாடி, ராத்திரி தங்கி, விடியக்காலைல கெளம்புறாங்கல்ல, அந்தக் கூட்டம் மொத்தமும் இதுலதான். ஈர வேட்டிய ஜன்னல் கம்பில காயப்போட்டு, தீர்த்தம் புடிச்ச கேன சீட்டுக்கு அடில வச்சு, பைய சீட்டுமேல வச்சு, "ஆளு வருது தம்பி"ம்பாங்க. அந்த ஆளு மானாமதுரை வரைக்கும் வராது. அவங்க மேலயும் கோவப்பட முடியல, எங்கருந்தோ அப்பனுக்கு திதி குடுக்க வந்தவங்க, தூங்கிருக்க மாட்டாங்க. ஆனா நான் நின்னுக்கிட்டே ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகணும்ல? பொட்டு வச்ச நெத்தியோட ஒரு பெரியவர் என் தோள்ல சாஞ்சு குறட்டை விட்டுக்கிட்டு வந்தாரு ஒருநாள், நின்னுக்கிட்டே தூங்குற வித்தைய அவருகிட்டதான் பாத்தேன்.

மாப்ளைக்கு இது புரியணும்னா அவன் ஊர் கணக்குலயே சொல்லலாம். 2023 ஆகஸ்ட் 27லருந்து பறக்கும் ரயில பீச் வரைக்கும் விடாம சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்துனாங்கல்ல, பீச் - எழும்பூர் நாலாவது பாதைக்காக. ஏழு மாசம்னு சொல்லி 2024 அக்டோபர் 29 வரைக்கும் இழுத்துச்சு. அந்த பதினாலு மாசமும் சாயங்காலம் சிந்தாதிரிப்பேட்டைல ஏறி வேளச்சேரிக்கு ஜாலியா உக்காந்து போனவன் இவன், அப்ப பீச்சுக்கும் கோட்டைக்கும் போக வேண்டியவங்க நடுரோட்டுல பஸ் தேடிக்கிட்டு நின்னாங்க. மறுபடி விட்டதும் பீச்சுலயும் கோட்டைலயும் பார்க் டவுன்லயும் ஏறுனவங்க உக்காந்து வர, இவன் தொங்கிக்கிட்டு வந்தான். "எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்கு மட்டும் கடுப்பா இருக்கு"ன்னு அன்னைக்கு எனக்கு போன் பண்ணி பொலம்புனதே அவன்தான். இப்ப என்கிட்ட வந்து ஜம்முன்னு இருக்கும்லங்குறான்.

சரி, நியாயமா பேசுவோம். என் சீட்டுக்காக பாலத்த மூடியே வச்சிருக்கணும்னு நான் சொல்லல (மனசுக்குள்ள நெனச்சிருக்கேன், அது வேற). அந்த ரெண்டேகால் வருஷம் கூட்டம் இல்லாம போகல, ட்ரெயின விட்டு எறங்கி பஸ்ல ஏறிக்கிச்சு. எங்க அக்காவ தங்கச்சிமடத்துல குடுத்துருக்கு. அது ட்ரெயின்ல போனதே கிடையாது, பஸ்தான், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு மாமியாரக் கூட்டிட்டு வரும், மல்லிகை நாத்து கட்டு போட்டு அனுப்ப வரும். ட்ரெயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அடி விழுந்தது அதுக்குத்தான். எப்படின்னா, மெட்ராஸ்லருந்து ராத்திரி வண்டில வந்த சனம் பூரா காலைல ஒரே நேரத்துல எறங்கும். ஒரு ட்ரெயின்ல வர்ற ஆள ஏத்த எத்தன பஸ் வேணும்னு நீங்களே போட்டுப் பாருங்க, ஒரு பஸ்ல நெருக்கி அடிச்சாலும் எழுவது பேரு. வர்ற பஸ்ஸெல்லாம் மண்டபத்துலயே ரொம்பிரும், அப்புறம் பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் எறங்குற உள்ளூர் ஆளுக்கு எங்க எடம்? சாயங்காலம் ட்ரெயின் புடிக்கப் போற கூட்டம் ராமேஸ்வரத்துலயே பஸ்ஸ ரொப்பிட்டு வரும், தங்கச்சிமடம் ஸ்டாப்புல டிரைவர் கையக் காட்டிட்டுப் போயிருவாரு, அக்கா வெயில்ல நிக்கும், அடுத்ததும் அப்படியே போகும். வேன்காரங்களும் ஆட்டோக்காரங்களும் அந்த நேரத்துல வாயில வந்ததச் சொல்லுவாங்க, பெட்டி படுக்கையோட நிக்குற ஆளு பேரம் பேசவா போறான்.

இப்ப அது இல்ல. அக்கா பஸ்ல உக்காந்து வருது. "பாலம் தொறந்ததுல உனக்கென்னடா வயித்தெரிச்சல்"னு என்னைய கேக்குது. பதில் இல்ல.

ஒரு விஷயம் யாரும் பேச மாட்டேங்குறாங்க, அதயும் சொல்லிர்றேன். பாலம் தொறந்ததும் ராமேஸ்வரத்துக்கு வண்டி கூடிருச்சுன்னு போடுறாங்கல்ல, புதுசா தாம்பரம் எக்ஸ்பிரஸ் வந்துச்சு, நல்லதுதான், பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் பெரிய உபகாரம். மெட்ராஸ் வண்டிங்க சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் மறுபடி தீவுக்குள்ள போகுது. ஆனா இது எல்லாமே மானாமதுரைல பிரிஞ்சு சிவகங்கை காரைக்குடின்னு போயிரும். மதுரைக்கு டெய்லி போற ஆளுக்கு அன்னைக்கும் அதே பாசஞ்சருங்கதான் இன்னைக்கும் அதே பாசஞ்சருங்கதான். ராமேஸ்வரத்துக்கு வர்ற கூட்டத்துல பாதி மீனாட்சியம்மனையும் பாக்காம ஊருக்குப் போகாது, அது எதுல ஏறும்? நம்ம வண்டிலதான். மண்டபத்தோட நின்ன காலத்துல அந்தக் கூட்டம் ராமேஸ்வரத்துலருந்து நேரா மதுரைக்கு பஸ்ஸ புடிச்சுப் போயிரும், எங்க கண்ணுலயே படாது. பெட்டி ஒண்ணு ரெண்டு கூட சேத்திருந்தாக்கூட நான் இந்தப் பொலம்பல எழுதிருக்க மாட்டேன். ஒத்த லைன் வேற, எதுக்க ஒரு வண்டி வந்தா சத்திரக்குடிலயோ சூடியூர்லயோ ஓரங்கட்டிருவாங்க. உக்காந்துருந்தா அது ஒரு சின்ன ரெஸ்ட், நின்னுக்கிட்டு இருந்தா அது தண்டனை.

எங்க தாத்தா இதக் கேட்டுட்டு சிரிக்குறாரு. அவரு காலத்துல வண்டி தனுஷ்கோடி வரைக்கும் போகும், பாம்பன் அப்ப ஜங்ஷன், ராமேஸ்வரத்துக்கு அங்கருந்து ஒரு கெள மட்டும் பிரியும். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, கடைசி ஸ்டேஷன் ராமேஸ்வரம்னு ஆச்சு. "கடைசி ஸ்டேஷன் யாருக்கும் நெலையில்லடா, நீ ரெண்டு வருஷம் அனுபவிச்சல்ல, போதும்"ங்குறாரு. அவருக்கு என்ன, வீட்டுல திண்ணைல உக்காந்துருக்காரு.

லீவு நாள்ல அக்கா வீட்டுக்கு ட்ரெயின்ல போறது இன்னொரு கூத்து. புதுப் பாலத்துல வண்டி நல்லா போகுது, அதுல குறை சொல்ல மாட்டேன். பழையதுல நத்தை மாதிரி ஊரும், இதுல 75 கிலோமீட்டர் வரைக்கும் போலாம், தூக்குற பகுதில மட்டும் 50. அந்த 72.5 மீட்டர் துண்ட லிப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேல தூக்குறத ஒரு வாட்டி கரைல நின்னு பாத்தேன், நெசமாவே வாயப் பொளந்துட்டேன். பிரச்சன பாலமில்ல, பாலத்தப் பாக்குற ஆளுங்க. மண்டபம் தாண்டுனதும் மொத்தப் பெட்டியும் எந்திரிச்சு வாசலுக்கு வரும், ரெண்டு பக்கமும் போன நீட்டிக்கிட்டு, புள்ளைய தோள்ல தூக்கிக்கிட்டு, "அங்க பாரு கப்பலு"ன்னு கத்திக்கிட்டு, பாலம் முடிஞ்சதும் ஒடனே பாம்பன் ஸ்டேஷன் வந்துரும்ல, அங்க நாங்க எறங்கணும்ல, ஒருத்தன் நகர மாட்டான், "இன்னும் வீடியோ ஓடுது அண்ணே"ங்குறான், வண்டி நிக்குறதே கொஞ்ச நேரம், மீன் வாங்கப் போற கெழவி அலுமினிய சட்டிய முன்னால நீட்டிக்கிட்டு வழி உண்டாக்கும் பாருங்க, அது பின்னாடியே நாங்க எல்லாரும் எறங்கிருவோம். அந்தக் கெழவி இல்லாத அன்னைக்கு நான் ராமேஸ்வரம் வரைக்கும் போய்ட்டு பஸ்ல திரும்பி வந்துருக்கேன். மண்டபத்துலயே சொல்லிட்டு வாசல்ல போய் நின்னுருங்க, வேற வழியில்ல.

காத்து நாள்ல லேட்டாகும், அது பழைய பாலம் காலத்துலருந்தே உள்ளது, காத்து ஓவரா அடிச்சா சிக்னல் விழாது. ஆனி ஆடில காலை வண்டி தாமதமா வந்தா எங்க செட்டுல யாரும் கேள்வியே கேக்குறதில்ல, ஆபீஸ்ல "காத்து சார்"னு ஒத்த வரி போதும். பாலம் மூடியிருந்தப்ப இந்தச் சாக்கும் கெடையாது, வண்டி கடலத் தாண்டாததால டான்னு கெளம்பிரும். யோசிச்சா இது ஒரு லாபம்தான்.

காசு விஷயம், இதுல நான் வாயே தொறக்க முடியாது. கொரோனாவுக்கப்புறம் பாசஞ்சர எக்ஸ்பிரஸ் ரேட்டுல ஓட்டி, குறைஞ்ச டிக்கெட்டே முப்பது ரூவான்னு வச்சிருந்தாங்க, 2024 பிப்ரவரில அது மறுபடி பத்து ரூவாக்கு எறங்குச்சு. பஸ்ஸோட ஒப்பிட்டா சீசன்லாம் ஒண்ணுமேயில்ல. சாயங்காலம் திரும்புறப்ப மதுரைல கெளம்புற வண்டிங்குறதால கொஞ்சம் முன்னாடி போனா சீட்டு உறுதி, அது அன்னைக்கும் மாறல, இன்னைக்கும் மாறல. அந்த ஒரு பயணம் மட்டும் முழு மார்க்கு.

ஆகமொத்தம் எனக்கு இந்த வண்டிமேல செம கடுப்பு. அஞ்சுக்கு ரெண்டு குடுப்பேன், அந்த ரெண்டும் சாயங்கால வண்டிக்கு. மதுரைக்கு டெய்லி போறதுக்கு இதவிட மட்டமான ஏற்பாடு இருக்க முடியாது, இடுப்பு போயிரும், சட்ட கசங்கிரும், மூடு போயிரும்.

மாப்ள, சீசன் எடுத்துரு. மூணு மாசத்துக்கே எடு, நானும் நேத்துதான் புதுப்பிச்சேன். காலைல உச்சிப்புளி வரைக்கும் பைக்ல வந்து ஏறுனா சீட்டு கெடைக்கும்னு ஒரு சிலர் கெளம்பிருக்காங்க, அத நம்பாத, அங்கயும் அதே கததான். மீன் கூடை ஏறுற பெட்டில ஆளுங்க மூக்கப் புடிச்சிக்கிட்டு ஏற மாட்டாங்க, அதுல ஓரளவுக்கு எடம் இருக்கும், பரமக்குடில எறங்குற ஆளு யாருன்னு பாத்து அவரு பக்கத்துல போய் நின்னுக்க. கடைசிலருந்து ரெண்டாவது பெட்டி பக்கம் மட்டும் வந்துராத, அது எங்க செட்டு, அங்க ஏற்கனவே எடமில்ல.