தண்ணீர் பரிசோதனை என்று யாராவது கதவைத் தட்டினால்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாக வீடு வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் குடிபுகுந்த புதிது. நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மினுங்கும் மேலங்கியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்திருக்கிறார். வீட்டில் மாமி மட்டும்தான். "அம்மா, பயப்படாதேங்கோ, புது வீட்டுக்காரருக்கு அரசாங்கம் செய்யிற செக்கிங்தான்" என்று தமிழிலேயே கதைத்திருக்கிறார். தமிழ்ப் பிள்ளை என்று நம்பித்தான் மாமி கதவைத் திறந்தார். அதை நினைக்க எனக்கு இன்றும் கொதிக்கிறது.

குசினிக் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து, சின்னப் போத்தலிலிருந்து சில துளிகள் விட்டாராம். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. "பாருங்கோ, இதைத்தான் பேரப்பிள்ளையள் குடிக்கினம்." மாமி நடுங்கிப்போனார். அந்தத் துளி குளோரினைக் கண்டால் மஞ்சளாகும், அவ்வளவுதான். ரொறன்ரோ மாநகரம் ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து, கிருமி சேராமல் இருக்கக் குளோரின் கலந்துதான் அனுப்புகிறது. மஞ்சள் நிறம் அழுக்குக்கு அடையாளமே அல்ல.

பிறகு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, வெந்நீர் டாங்க் பழையது, காஸ் கசியலாம் என்று இன்னொரு பயமுறுத்தல். "பார்த்திட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து" என்று டப்லெட்டை நீட்டியிருக்கிறார். அது புது டாங்குக்கும் தண்ணீர் ஃபில்டருக்குமான பத்து வருட வாடகை ஒப்பந்தம். மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அன்று பின்னேரமே ஆட்கள் வந்து புதியதைப் பூட்டிவிட்டுப் பழைய டாங்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பழைய டாங்க் எங்களுடையதே இல்லை. இங்கே பல வீடுகளில் வெந்நீர் டாங்க் வாடகைக்குத்தான் இருக்கும். வீடு வாங்கும்போது அந்த வாடகையும் நம் தலையில் வந்துவிடும். ஆகவே மாதம் இரண்டு பில். போதாததற்கு, டாங்கைத் திருப்பித் தரவில்லை என்று பழைய நிறுவனம் அதன் விலையையும் கேட்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது சட்டம்தான். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்), ஏசி, வெந்நீர் டாங்க், தண்ணீர் ஃபில்டர் போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடி வந்து விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ தடை உண்டு. மீறிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. பூட்டிய பொருளை நீங்களே வைத்திருக்கலாம், காசு கட்டத் தேவையில்லை. இதை எழுதி, டாங்க் பூட்டிய நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், வங்கியில் தானாகக் கழியும் பணத்தை நிறுத்தினோம், மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு கொடுத்தோம். மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுத்தான் விட்டார்கள். பழைய டாங்கின் காசு இன்னும் தீராத வழக்கு.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட நிறுவனங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே தங்கள் உரிமையைப் பதிந்துவிடும். வீட்டை விற்கப் போகும்போதுதான் தெரியவரும். ஆயிரக்கணக்கில் டொலர் கொடுத்தால்தான் நீக்குவார்கள். 2024 யூன் 6 இல் இருந்து வீட்டு உபயோகப் பொருட்களுக்கு அந்தப் பதிவு தடை, பழைய பதிவுகளும் காலாவதி. ஆனால் பதிவு போனாலும் ஒப்பந்தம் தானாகப் போய்விடாது. அதைத் தனியாக முறிக்க வேண்டும்.

காஸ் வேலைக்கு வருகிறவரிடம் டீ.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தில் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) சான்று இருக்க வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஃபர்னஸ் ஆபத்து என்று யாராவது சிவப்புச் சீட்டு ஒட்டினால், எதற்கும் கையெழுத்துப் போடாமல் இன்னொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவது கூட்டம் வருகிறது. "அந்த ஒப்பந்தத்தை நாங்கள் முறித்துத் தருகிறோம்" என்று சொல்லி, வீட்டின் மேல் அதிக வட்டி அடமானக் கடனில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. அவர்கள் சொல்லும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். நீங்களே தேடிப்பிடித்த ஒருவரிடம் கடதாசிகளைக் காட்டுங்கள்.