ஏழரை டன்னா, இரண்டரை டன்னா, டிராக்டரா? செட்டிநாட்டு வெள்ளத்துக்கு எந்த வண்டி

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் செட்டிநாட்டில் ஆற்றைவிடக் கண்மாய்தான் முதல் கவலை. ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் உபரித் தண்ணீர் அடுத்த கண்மாயில் விழும்படி சங்கிலியாக அமைந்த ஊர்கள் இவை. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பதற்கும் ஆபத்து. ஆகவே மீட்பு வண்டி போகவேண்டியது இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெரு, மேலே வெள்ளம் ஓடும் தரைப்பாலம், ஊறிப்போன கண்மாய்க்கரை ஆகிய மூன்று இடங்களுக்குத்தான். ராணுவம் கழித்த லாரியை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்கள் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் "பெரிய வண்டிதான் நல்ல வண்டி" என்ற எண்ணம் பாதி கரைந்துவிடும்.

பழைய ராணுவ லாரியான சக்திமானை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான உறுதியான வண்டி. ஆனால் உற்பத்தி தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டது. கார்த்திகை மாதம் ஒரு ஆயில் சீலுக்காக ஊர் ஊராக அலைய முடியாது. கண்காட்சிக்கு வைக்கலாம், வெள்ளத்துக்கு வேண்டாம்.

மீதி இருப்பவை அசோக் லேலண்ட் ஸ்டாலியனும் டாடா எல்.பி.டி.ஏ. 713-உம். சுமக்கும் எடையில் முன்னது ஏழரை டன் வகை, பின்னது இரண்டரை டன் வகை. இரண்டுமே நான்கு சக்கரமும் இழுப்பவை. பழைய தயாரிப்புகளில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் ஓடுவது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஒயரிங் நனைந்தாலும் இஞ்சின் நிற்காது. சென்சாரும் கணினிப் பெட்டியும் வைத்த புதிய லாரிக்கு இல்லாத பலம் இது.

ஸ்டாலியனில் உட்காரும் இடமும் உயரமும் கூடுதல். லேலண்ட் மெக்கானிக் நம் பக்கம் எங்கும் கிடைப்பார். ஆனால் சரக்கோடு பத்து டன்னைத் தாண்டும் வண்டியை ஊறிய கண்மாய்க்கரையில் ஏற்றினால் கரையே சரியும். கிராமத்துச் சிறு பாலங்களும் அந்த எடையைத் தாங்கும் என்று நம்பி இறங்க முடியாது. செம்புறாங்கல் தரையில் பிடிப்பு நன்றாக இருக்கும். கரம்பை படிந்த கண்மாய் ஓரத்தில் அச்சு வரை புதைந்தால் அதை இழுக்க இன்னொரு ஸ்டாலியன்தான் வரவேண்டும். 713-இல் ஏழு என்பது சரக்கோடு ஏறத்தாழ மொத்த எடை டன்னில், பதின்மூன்று என்பது 130 குதிரைசக்தி. இஞ்சினில் 697 என்று இருந்தால் டாடா 1613 லாரிக்கு வாங்கும் கடையிலேயே பெரும்பாலான பாகம் கிடைக்கும். புதைந்தாலும் இரண்டு டிராக்டர் சேர்ந்தால் எடுத்துவிடலாம். எங்கள் கை இதற்குத்தான் நீளும்.

"எடை குறைந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாதா" என்பது சரியான கேள்வி. பக்கவாட்டில் 5 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் நீரோட்டத்தை மறித்தால், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 600 கிலோ தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது 2,400 கிலோ. இதோடு பாதி மூழ்கிய பெரிய டயர் ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும். காலியான 200 லிட்டர் டீசல் டேங்க் முழுகினால் இன்னொரு 200 கிலோ. அந்த வேகத்தில் ஸ்டாலியனும் இறங்கக் கூடாது. நிற்கும் தண்ணீரில் இரண்டும் போகும், பாயும் தண்ணீரில் இரண்டும் போகக் கூடாது. மெதுவாக ஓடும் தண்ணீரும் சக்கரத்தின் நடு ஹப்பைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும்.

பலரும் கவனிக்காதது: ஆபத்து அதிகம் ஆளை ஏற்றி வரும்போது அல்ல, காலியாக உள்ளே போகும்போது. அதற்கு 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பின்னச்சுக்கு மேல் கட்டி, வாய்வரை நிரப்புங்கள். ஒரு டன் கிடைத்துவிடும். அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் அலம்பி வண்டியைச் சாய்க்கும். குடிநீராக நிரப்பினால் உள்ளே போய் இறக்கிவிட்டு ஆளை ஏற்றலாம்.

டிராக்டரை ஏளனம் செய்ய வேண்டாம். ஊருக்கு நாலு இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறார், சந்துக்குள் திரும்பும். முழங்கால் தண்ணீருக்கு அதுதான் முதல் வண்டி. சிக்கல் டிரெய்லரில். கதவு இறுக்கமாகப் பூட்டிய இரும்புப் பெட்டி, 3 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்றால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தண்ணீரும் 540 கிலோ தூக்கும். 25, 30 சென்டிமீட்டர் ஏறினால் காலி டிரெய்லர் மிதந்து பக்கவாட்டில் வளைந்து டிராக்டரையும் இழுத்துவிடும். பின்கதவைத் திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே வந்து போகும், தூக்காது.

இனி 713-ஐத் தயார் செய்வது. ராணுவ வண்டி கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கும். நின்றே ரப்பர் செத்திருக்கும். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். டீசல் டேங்கை இறக்கித் துரு கழுவ வேண்டும். பிரேக் ஓஸ், முன்னச்சு முட்டி சீல், ஆக்ஸில் சீல் எல்லாம் புதிது.

அடுத்தது பிரீதர், அதாவது அச்சு, கியர் பெட்டிகளுக்குள் காற்று வந்துபோகும் துளை. பத்து மைல் ஓடிச் சூடான கிரவுன் ஹௌசிங் (அச்சின் நடுவே பல்சக்கரம் இருக்கும் கூடு) குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். முன்னச்சு, பின்னச்சு, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) என நான்கு பிரீதரையும் கழற்றி, 8 மில்லிமீட்டர் எண்ணெய் தாங்கும் குழாயால் கேபின் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். குழாய் எங்கும் தொங்கித் தாழக் கூடாது. தாழ்ந்த இடத்தில் எண்ணெய் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

காற்று உறிஞ்சும் குழாயைக் கூரைக்கு ஏற்றுவது எல்லாருக்கும் தெரியும், இணைப்பைச் சோதிப்பதில்தான் தவறுகிறார்கள். இஞ்சின் ஓடும்போது மேல்வாயைப் பலகையால் மூடுங்கள். சில நொடியில் இஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது, அங்கேயே தண்ணீரும் புகும். தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

தண்ணீரில் இறங்குமுன் ரேடியேட்டருக்கு முன்னால் தார்ப்பாய் கட்டுங்கள். ஃபேன் இறக்கை தண்ணீரை வாரி முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிப்பது குறையும். முதல் கியர், குறைந்த விகிதம், நடக்கும் வேகம். உள்ளே கிளட்சை மிதிக்கக் கூடாது. புதைந்த வண்டியை இழுக்க வில் ஷாக்கிள் (கயிறு மாட்டும் இரும்புக் கொக்கி வளையம்) வேண்டும், முக்கால் அங்குலத்தின் பணிச்சுமை 4.75 டன். கயிறு கட்டப் புளியமரத்து அடி. மின்கம்பமும் காம்பவுண்டு சுவரும் வேண்டாம். கஜா புயல் 2018-இல் வந்தபோது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் விழுந்த மரங்களை நினைத்து, மரம் அறுக்கும் இயந்திரமும் ஏற்றுங்கள்.

பாடியின் தளம் தரையிலிருந்து மிக உயரம். ஆச்சிமார் ஏற முடியாது. பின்னால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் படி, இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குலக் கைப்பிடிக் குழாய். உயர்ந்த முகப்புத் திண்ணை உள்ள வீட்டில் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி, எட்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை, குறுக்குச் சட்டம் அடித்தது, போட்டால் நாற்காலியோடு தூக்கி வந்துவிடலாம்.

ஏலத்துக்கு முன் காகிதத்தைப் பாருங்கள். ராணுவப் பதிவு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆம் பிரிவில் வருவது. வெளியே வந்தபின் 39-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. பதிவு இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. பாடியை மாற்றினால் 52-ஆம் பிரிவையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளத்திலிருந்து திரும்பியதும் நூறு மீட்டருக்கு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள். ஏர் டேங்க் இருந்தால் வடியுங்கள். நான்கு இடத்து எண்ணெயையும் சொட்டு எடுத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும். சில வண்டிகளில் கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் தண்ணீருக்கு முன் திருகும் அடைப்பு இருக்கும். அதை மறக்காமல் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கசியும் எண்ணெய் வெளியேற வழியில்லாமல் தட்டில் ஏறி, அடுத்த மழையில் கிளட்ச் வழுக்கும்.