கியூபிக், பிபிஆர், யூடிடி: வந்தாறுமூலைக்கு எது பொருந்தும்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்திலிருந்து கிழக்கிலேயே உள்ள ஒலுவிலுக்குப் போகும் கோப்புக்கு, அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் எந்த நெறிமுறையும் போதும். கொழும்பு சென்று கடலடி வடத்தில் ஏறி ஐரோப்பாவுக்குப் போகும் கோப்புதான் தலையிடி.

இணையத்தின் வழக்கமான டிசிபி நெறிமுறையில் வேகத்தைத் தீர்மானிக்கும் பழைய முறையான ரீனோவைப் பேசவே வேண்டாம். ஒரு பொதி (கோப்பைத் துண்டாக்கி அனுப்பும் சிறு பகுதி) தொலைந்தால் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல ஏறும். 100 மில்லிசெக்கன் தாமதத்தில் அது 10 ஜிகாபிட் வேகத்தைத் தக்கவைக்க, 500 கோடி பொதிகளுக்கு ஒரு தடவைக்கு மேல் இழப்பு நேரக் கூடாது என்று 2003இல் வந்த ஆர்எஃப்சி 3649 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் கணக்குக் காட்டியது. அப்படியொரு வடத்தை யார் கண்டார்கள்?

லினக்ஸில் இயல்பாக வருவது கியூபிக். இழப்பு நேர்ந்தால் 30 சதவீதம் மட்டும் குறைத்து, பழைய உச்சத்தை விரைவாக நெருங்கும். ஆனால் இழப்பு என்றாலே நெரிசல் என்று நம்பிவிடும். மாரி மழையில் ரேடியோ இணைப்பு தடுமாறித் தொலைத்த பொதிக்கும் அதே தண்டனைதான்.

கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர், பாதையின் கொள்ளளவையும் மிகக் குறைந்த தாமதத்தையும் அளந்து அதற்கேற்பப் பொதிகளை விடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொதிகள் தொலையும் நெடும்பாதையில் கியூபிக் இதன் அருகில் வராது. ஆனால் இடையகம் (பொதிகள் காத்திருக்கும் நினைவகம்) சிறிய ரவுட்டர்களில் இதன் முதல் பதிப்பு, பக்கத்துக் கியூபிக் இணைப்புகளை நெருக்கித் தள்ளிவிடும். வளாகம் முழுவதும் ஒரே இணைப்பைப் பகிரும்போது இது அயலாருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்பும் சேவையகத்தில் மட்டும் பிபிஆர், மற்றவற்றில் கியூபிக் என்பதே என் தேர்வு.

பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. இந்தத் தேர்வு அனுப்பும் கணினியில்தான் வேலை செய்யும். மட்டக்களப்பு வாவியின் செய்மதிப் படங்களை ஐரோப்பியச் சேமிப்பகத்திலிருந்து இறக்கும் மாணவர் தம் கணினியில் பிபிஆரை அமர்த்திப் பயனில்லை. அவர் பார்க்க வேண்டியது பெறும் இடையகத்தை. போய்வர 150 மில்லிசெக்கன் என்றால், 1 ஜிகாபிட் பாதை நிரம்ப 18.75 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும். பல லினக்ஸ் பதிப்புகளில் இடையகத்தின் உச்சவரம்பு 6 மெகாபைட் அளவுதான். மூன்றில் ஒரு பங்கு வேகத்தைத் தாண்டாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் இது தீரும்.

யூடிடி, டிசிபியின் மேல் அல்லாமல் யூடிபி என்ற எளிய நெறிமுறையின் மேல் இயங்குவது. இயங்குதளத்தின் கருவைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இரு முனையிலும் நிறுவ வேண்டும், தீச்சுவர் யூடிபிக்கு வழிவிட வேண்டும், சிபியுவையும் கூடுதலாகத் தின்னும். டெராபைட் கணக்கில் அனுப்ப வேண்டியிருந்து, மறுமுனையிலும் நம் ஆள் இருந்தால் மட்டும் எடுப்பேன்.